உவர்நிலம் என்ற பெயரால் ஒரு தீர்ப்பு

"அது உவர்நிலம், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை."

கந்தோர் மேசைக்கு முன்னால் நிற்கும் கமக்காரனுக்குக் கிடைக்கும் மறுமொழி இதுவே. வாய்க்கால் வெட்டித் தரும்படி கேட்டாலும் இதுவே. பயிரழிவுக்கு நிவாரணம் கேட்டாலும் இதுவே. அணைக்கதவைத் திருத்தும்படி கேட்டாலும் இதுவே. ஒரே சொல்லில் நிலத்துக்குத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடும் இல்லை. கோவை மூடப்படுகிறது. கமக்காரன் வீடு திரும்புகிறான். நீரேரிக் கரையிலே அவன் பாட்டனும் பூட்டனும் விதைத்து அறுத்த வயல் மறு ஆண்டும் தரிசாய்க் கிடக்கிறது.

நாம் கேட்கிறோம்: உவர் என்றால் எவ்வளவு உவர்? எந்தப் பயிருக்கு உவர்? எந்த மாதத்தில் உவர்? யார் உள்ளே விட்ட உவர்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கூறாமல் ஒரு நிலத்தை ஒதுக்கிவிடுவது, நோயாளியின் நாடியைத் தொட்டும் பாராது, "இவன் பிழைக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் வைத்தியனின் செயலை ஒக்கும். அப்படிப்பட்ட வைத்தியனை ஊரார் திண்ணையில் ஏற்றுவார்களா? ஆனால் நிலத்தின் விடயத்தில் மட்டும் அந்த வைத்தியத்துக்கு வணக்கம் செலுத்திக்கொண்டிருக்கிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாடு மூன்று திசையிலும் கடலால் சூழப்பட்டது. அதன் உள்ளேயும் வடமராட்சி நீரேரி, உப்பாற்று நீரேரி என்று கடலின் கைகள் நீண்டு கிடக்கின்றன. உவர் எமக்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. ஆகவே உவரைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டுத் தலையசைக்கும் நிலையில் நாம் இருக்கலாகாது. நான்கு கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

எவ்வளவு உவர்?

நம் முன்னோர் மண்ணை நாவில் வைத்துப் பார்த்து உவரை அறிந்தனர். இன்று அதற்குக் கருவி உண்டு. அது பெருஞ் செலவுள்ள கருவியும் அன்று. உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். உப்பு மிகுந்தால் கடத்துதிறனும் மிகும். மண்ணை நீர்விட்டுக் குழைத்து, அக்குழம்பிலிருந்து வடித்தெடுத்த நீரின் மின்கடத்துதிறனை அளந்தால் மண்ணின் உவர் எண்ணாக வந்து நிற்கும். மீற்றருக்கு இத்தனை டெசிசீமன் என்பது அதன் கணக்கு. வசதிக்காக நாம் இதனை "அலகு" என்றே கூறுவோம்.

1954 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், றிவர்சைட் நகரத்து உவர்மண் ஆய்வுகூடம் ஒரு கைந்நூலை வெளியிட்டது. உவர்மண் பற்றி உலகம் முழுவதும் இன்றும் வழங்கும் அளவுகோல் அந்நூலில் வகுக்கப்பட்டதே. 2 அலகுக்குக் கீழே எந்தப் பயிருக்கும் பெரும்பாலும் கேடில்லை. 2 முதல் 4 வரை மென்மையான பயிர்கள் மட்டும் குன்றும். 4 முதல் 8 வரை பல பயிர்கள் குன்றும். 8 முதல் 16 வரை உவரைத் தாங்கும் பயிர்களே தக்க விளைவு தரும். 16க்கு மேலே மிகச் சிலவே நிற்கும். கடல்நீரின் அளவோ ஏறக்குறைய 50.

பாருங்கள்! 4 அலகு நிலமும் உவர்நிலம். 15 அலகு நிலமும் உவர்நிலம். ஒன்று சிறிது தலைவலி கொண்டவன். மற்றவன் சன்னி கண்டவன். இருவரையும் ஒரே கட்டிலில் கிடத்தி ஒரே பெயரால் அழைப்பது அறிவாகுமா?

அதே கைந்நூல் இன்னொரு வேறுபாட்டையும் காட்டிற்று. உப்பு மிகுந்த மண் வேறு; சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, மண்ணின் கட்டுக்கோப்பையே குலைத்து, நீர் உட்புகாமல் இறுகச் செய்த மண் வேறு. பின்னதற்கு ஜிப்சம் மருந்து. முன்னதற்கு ஜிப்சம் மருந்தன்று. அதற்கு வேண்டியவை நன்னீரும், கழுவிய உப்பு வெளியேற ஒரு வழியுமே. இந்த வேறுபாடு அறியாமல் மூடை மூடையாக ஜிப்சத்தை வாங்கிக் கொட்டிக் கடனாளியாகும் கமக்காரன் மீது பிழையில்லை. மண்ணைச் சோதித்துச் சொல்லவேண்டியவர்கள் சோதிக்காமல் இருந்ததே பிழை.

எந்தப் பயிருக்கு உவர்?

உவர்நிலம் என்று ஒன்று தனியே இல்லை. இந்தப் பயிருக்கு உவரான நிலம் என்பதே உண்டு. இதனை விளங்கிக்கொண்டால் பாதி வழக்கு வென்றதாகும்.

1977 இல் மாஸ், ஹொஃப்மன் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் தொகுத்து ஒவ்வொரு பயிருக்கும் இரண்டு எண்கள் வகுத்தனர். முதலாவது வாசல் அளவு: அதுவரை விளைச்சல் குறையாது. இரண்டாவது சரிவு அளவு: வாசலைத் தாண்டியபின் ஒவ்வோர் அலகுக்கும் நூற்றுக்கு எத்தனை பங்கு விளைச்சல் போகும் என்பது. அம்முறையில் வகுத்த பட்டியலைப் படிப்பவர் வியப்படைவர். வாற்கோதுமைக்கு வாசல் 8. பருத்திக்கு 7.7. இறுங்குக்கு 6.8. கோதுமைக்கு 6. பீற்றூட்டுக்கு 4. நெல்லுக்கு 3. தக்காளிக்கு 2.5. சோளத்துக்கு 1.7. மிளகாய்க்கு 1.5. வெங்காயத்துக்கு 1.2. போஞ்சிக்கும் கரட்டுக்கும் 1 மாத்திரமே.

இந்த எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். 6 அலகு உவருள்ள ஒரு நிலம் இருக்கிறது. அதில் போஞ்சி நட்டவன் நூற்றுக்கு 95 பங்கை இழப்பான். வெங்காயம் நட்டவன் 77 பங்கை இழப்பான். சோளம் போட்டவன் 52 பங்கை இழப்பான். நெல் விதைத்தவன் 36 பங்கை இழப்பான். பீற்றூட் நட்டவன் 18 பங்கை இழப்பான். இறுங்கு விதைத்தவன் ஒன்றையும் இழக்கமாட்டான்! நிலம் ஒன்றே; உவர் ஒன்றே. ஒருவன் "மண் செத்துவிட்டது" என்று தலையில் கை வைப்பான். மற்றவன் கதிரை அறுத்துக் கட்டுவான். இப்பொழுது சொல்லுங்கள்: அந்த நிலம் செத்த நிலமா, உயிருள்ள நிலமா?

இவை வழிகாட்டும் எண்களேயன்றிக் கல்லில் பொறித்த விதிகள் அல்ல. வெயில் கடுமையானால் இழப்புக் கூடும்; மண்ணும் இனமும் மாறினால் எண்ணும் மாறும். ஆயினும் பயிருக்குப் பயிர் உள்ள ஏற்றத்தாழ்வு மாறாது. வெங்காயம் ஒருநாளும் வாற்கோதுமை ஆகிவிடாது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? உப்பு பயிரை இருவகையில் தாக்குகின்றது. முதலாவது தாகம். உப்புக் கரைந்த மண்ணில் நீர் இருந்தும் வேரால் அதை இழுக்க முடிவதில்லை. உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெள்ளத்தின் நடுவே நின்றும் பயிர் தாகத்தால் வாடுகிறது. இரண்டாவது நஞ்சு. நீரோடு கலந்து ஏறிய சோடியம் நாள்தோறும் இலையிலே தேங்கி, முதிர்ந்த இலை நுனியிலிருந்து கருகத் தொடங்குகிறது.

இத்தாக்குதலுக்கு எதிராகத் தாங்கும் பயிர்கள் மூன்று அரண்கள் கட்டியுள்ளன. ஒன்று, வேர் வாசலிலேயே உப்பைத் தடுத்து நிறுத்துவது. இரண்டு, தண்டில் ஏறும் நீரிலிருந்து சோடியத்தைப் பிரித்து மீட்டு, இலைக்குப் போகாமல் காப்பது. மூன்று, தடுத்தும் மீறி உள்ளே வந்த உப்பை ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள ஓர் அறையில் பூட்டி வைத்துவிட்டு, மற்றப் பகுதியில் உயிர்த் தொழிலை நடத்துவது. வாற்கோதுமை இந்த மூன்றாவது வித்தையில் வல்லது. இரண்டாவது வித்தைக்கு உரிய பரம்பரை அலகு ஒன்றை நோனா பொக்ரா என்ற பழைய இந்திய நெல்லிலிருந்து 2005 இல் சீன ஆராய்ச்சியாளர்கள் இனங்கண்டனர். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றைப் பண்டைய கோதுமை இனத்திலிருந்து எடுத்து, இன்றைய கடினக் கோதுமையில் சேர்த்து, உவர்நிலத்திலே நூற்றுக்கு 25 பங்கு கூடுதல் விளைச்சல் பெற்றதாக 2012 இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர்.

கவனிக்க: இரு பெருங் கண்டுபிடிப்புகளும் பழைய இனங்களிலிருந்து வந்தவையே. விளைச்சல் குறைவு என்று களஞ்சியத்திலிருந்து தூக்கி எறியப்பட்ட பழைய விதைக்குள்ளே உலகம் இன்று பொன்னைத் தேடிக்கொண்டிருக்கிறது. நமது மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் நாம் எங்கே வைத்திருக்கிறோம்? எத்தனை வயல்களில் அவை இன்று நிற்கின்றன? இதையும் மனச்சாட்சியோடு கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் உவர்?

உவர் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. கோடையிலே நிலத்தடி நீர் நுண்துளை வழியே மேலேறி, வெயிலில் ஆவியாகி, உப்பை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. தரையிலே வெள்ளை பூத்து நிற்பதை அப்பொழுதுதான் காண்கிறோம். அந்தக் கோடையில் வந்து பார்த்துவிட்டு எழுதப்படும் அறிக்கை முழு உண்மையாகாது. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் உப்புக் கீழே இறங்குகிறது. ஓரடி ஆழமான மண்ணினூடாக ஓரடி நீர் வடிந்து சென்றால், அம்மண்ணிலிருந்த உப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு கழுவப்படும் என்பது மண்ணியலார் கண்ட அனுபவக் கணக்கு. குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மூன்று மாதங்களுக்குள்ளேயே கொட்டித் தீர்க்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை உட்புகுந்த கரையோர நிலங்கள் பல, பின்வந்த மழைகளினால் உப்புக் கழுவப்பட்டு மீண்டும் பயிர் கண்டதை நாம் பார்த்தோம். கடல் ஏறிய நிலத்தையே மழை மீட்குமாயின், கசிவு கண்ட நிலத்தை மீட்க முடியாதா?

நெல்லின் இயல்பையும் இங்கே அறிதல் வேண்டும். நெல் வாழ்நாள் முழுவதும் ஒரே விதமாக உவரை அஞ்சுவதில்லை. முளைக்கும்போது ஓரளவு தாங்கும். இளநாற்றாய் இரண்டு மூன்று இலை விடும்போது மிகவும் அஞ்சும். பின் தூர்கட்டி வளரும்போது மீண்டும் தாங்கும். குடலைப் பருவத்திலும் பூக்கும்போதும் திரும்பவும் அஞ்சும். ஆகவே காலபோகத்தில் இரு தருணங்களே ஆபத்தானவை: விதைத்த சில வாரங்களில் மழை இடைவெளி விட்டால் ஒன்று, பூக்குமுன் மழை ஓய்ந்துவிட்டால் மற்றொன்று. இந்த இரண்டு தருணங்களிலும் வயலில் நன்னீரைத் தேக்கி நிறுத்த வரப்பு உயரமாக இருந்தால், பயிர் தப்பிவிடும். ஒரு முழ வரப்பில் தங்கியிருக்கும் உயிரை அறியாதவர்கள், ஒரு சொல்லில் வயலையே புதைத்துவிடுகின்றனர்.

உவரைத் தாங்கும் நெல்லினங்களும் இல்லாமலில்லை. கேரளக் கரையோரச் சேற்றுநிலங்களில் விளையும் பொக்காளி என்னும் நெட்டை நெல் இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. நெல் ஆராய்ச்சியாளர் உலகெங்கும் உவர்த்தாங்கலுக்கு அளவுகோலாக அதனையே நட்டுப் பார்க்கின்றனர். அந்தப் பொக்காளியைப் பீ.ஜீ. 94-1 என்ற இனத்தோடு கலந்து, அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆக்கிய ஏ.ரி. 354 என்னும் இனம் 1992 இல் வெளியிடப்பட்டது. பொக்காளியின் உரமும் குட்டை நெல்லின் விளைச்சலும் ஓரளவு கூடிய நல்ல இனம் அது. அதனை ஆக்கியவர்களுக்கு நன்றி கூறுவோம். ஆனால் நன்றி கூறும் அதே வாயினால் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டியிருக்கிறது.

விதை அணையாகுமா?

இப்பொழுது ஒரு புதிய பாடம் கேட்கிறது. "உவரைத் தாங்கும் விதை வந்துவிட்டது. இனி அணை எதற்கு? வாய்க்கால் எதற்கு? விதையை வாங்கி விதையுங்கள்!" முன்னர் நிலத்தின் மீது பழிபோட்டவர்கள், இன்று விதையின் மீது பாரத்தைப் போட முனைகின்றனர். பழியானாலும் பாரமானாலும் தம் தோளில் மட்டும் அது இறங்கிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

தாங்கும் இனம் என்றால் உப்பில் தழைக்கும் இனம் என்பதன்று. மற்றவை விழும் இடத்தில் இன்னும் சில அலகுகள் நின்று பிடிக்கும் இனம் என்பதே பொருள். அது அவகாசம் வாங்கித் தரும். விடுதலை வாங்கித் தராது. கடல்நீர் 50 அலகு என்பதை மறவாதீர். நீரேரி நீர் தடையின்றி வயலுக்குள் ஏறிக்கொண்டேயிருந்தால், இவ்வாண்டு 6 அலகாயிருந்த மண் பின்னொரு நாள் 8 ஆகும்; அதன்பின் 12 ஆகும். அன்றைக்கு ஏ.ரி. 354 உம் மடியும், பொக்காளியும் மடியும், இறுங்கும் மடியும். ஓட்டைப் படகில் இருப்பவனுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பது நல்லதே. ஆனால் ஓட்டையை அடைக்காமல் நீச்சல் மட்டும் கற்பிப்பவன் அவனுக்கு நண்பனா?

யார் உள்ளே விட்ட உவர்?

இனி நான்காவது கேள்வி. இதுவே கசப்பானது, ஆகவேதான் இதனை ஒருவரும் கேட்பதில்லை.

றிவர்சைட்டில் உவர்மண் கைந்நூல் வெளிவந்த அதே 1954 இல், இங்கே நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆறில்லாத குடாநாட்டுக்கு ஆறு எங்கிருந்து வரும்? வன்னியிலிருந்து கனகராயன் ஆறு முதலியவை மழைக்காலத்தில் ஆனையிறவு நீரேரியில் கொட்டும் வெள்ளத்தைக் கடலுக்கு விடாமல் தேக்குவது. அதனை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது. அங்கிருந்து உப்பாற்றுக்கு விடுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டிக் கடலை வெளியே நிறுத்துவது. நீரேரிகள் ஆண்டுக்காண்டு நன்னீராக மாறும், கரைவயல்கள் கழுவப்படும், கிணறுகள் ஊறும். இதுவே திட்டம். எளிமையானது, எம் நிலத்தின் சாய்வை அறிந்தது.

நடந்தது யாது? அந்த 1950களில் தொண்டைமானாற்றிலே அணை எழுந்தது. அணை எழுந்தால் போதுமா? அணையின் உயிர் கதவில் இருக்கிறது. மழை வெள்ளம் மிகும்போது கதவு திறக்கவேண்டும். உப்போடு வெள்ளம் வெளியேற வேண்டும். கடல் உயரும்போது கதவு மூடவேண்டும். உப்பு உள்ளே வரலாகாது. திறக்கவேண்டிய நாளில் மூடியும், மூடவேண்டிய நாளில் திறந்தும் கிடக்கும் கதவு அணையன்று. அது கடலுக்குக் கட்டிய அலங்கார வளைவு. மரக்கதவுகள் உக்கின. உக்கிய கதவினூடே உப்புநீர் ஏறிற்று. அவை நெடுங்காலம் கழித்தே புதுப்பிக்கப்பட்டன. ஆனையிறவு தொடங்கி அரியாலை வரையுள்ள முழுச் சங்கிலியோ, வரைந்தபடி நிறைவேறியதே இல்லை. ஒரு கண்ணி இங்கே, மறு கண்ணி அங்கே. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றக் கண்ணிகள் எத்தனை உறுதியாயினும் என்ன பயன்?

ஒரு கதவுக்குப் பலகை மாற்றாதவர்கள், அக்கதவினூடே வந்த உப்பைக் காட்டி, "இது உவர்நிலம்" என்று தீர்ப்பு எழுதுகின்றனர். வீட்டைத் திறந்து வைத்துவிட்டுக் களவு போனதும், வீட்டுக்காரனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நீதி இது!

நம் பக்கத்துக் குற்றம்

பிறரைச் சுட்டும் விரலை ஒருமுறை நம் பக்கமும் திருப்புவோம். அதற்கு அஞ்சுகிறவன் நியாயம் பேசத் தகுதியற்றவன்.

குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லினுள்ளே, உப்புநீரின் மேலே மிதக்கும் ஒரு நன்னீர் வில்லை. 1888 இல் ஒல்லாந்தர் பாடன் கைபெனும், 1901 இல் ஜேர்மானியர் ஹெர்ஸ்பேர்க்கும் வகுத்த விதி ஒன்றுண்டு: கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும். இதன் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். மேலே நிலையாக ஓரடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவரும்! துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் தோளே நீருக்கு அளவாயிருந்தது. இயந்திரம் வந்தபின் அந்த அளவு போயிற்று. எண்ணெய் உள்ளவரை இறைப்போம், கிணறு அடி காணும்வரை இறைப்போம் என்பது வழக்கமாயிற்று. நல்ல கிணறுகள் பல சவராய்ப் போயின.

அந்த நீரைக் கொண்டு நாம் வளர்ப்பவை எவை? வெங்காயம், மிளகாய், போஞ்சி, கரட். மேலே காட்டிய பட்டியலின் அடியில் நிற்கும் மென்மையான பயிர்களே நம் தோட்டத்தின் தலைமைப் பயிர்கள்! 3 அலகு உவர் கண்ட மண்ணில் நெல் ஓர் மணியையும் இழக்காது. வெங்காயமோ நூற்றுக்கு 29 பங்கை இழக்கும். உவரைக் கண்டு மிக அஞ்சும் பயிரை நட்டுவிட்டு, உவரைக் கைதட்டி அழைக்கும் விதமாகக் கிணற்றை இறைப்பது என்ன புத்தி? வெங்காயத்தைக் கைவிடு என்று நாம் கூறவில்லை. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. ஆனால் வெங்காயத்தைக் காக்க விரும்புகிறவன் முதலில் கிணற்றைக் காக்கவேண்டும். இறைப்புக்கு அளவு வேண்டும். தாங்கல்கள் குளங்கள் தூர்வாரப்படவேண்டும். மழைநீர் மண்ணுள் இறங்க வழிவிட வேண்டும். செம்பாட்டு மண்ணின் செல்வம் மேலே இல்லை; அதன் அடியிலே மிதக்கிறது.

மீனவர் வழக்கு

நீரேரியை நன்னீராக்கினால் எங்கள் இறாலும் மீனும் என்னாவது என்று கரையோரத் தொழிலாளர் கேட்கின்றனர். அந்தக் கேள்வி நியாயமானது. அவர்களைப் பகைவராக எண்ணுவது மடமை. நீரேரி கமக்காரனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்தன்று.

பொக்காளி விளையும் கேரளத்தில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. மழைக்காலத்தில் உவர் தணிந்ததும் அவ்வயலில் நெல் விதைக்கிறார்கள். நெல் அறுத்தபின் உப்புநீரை உள்ளே விட்டு, அதே வயலில் இறால் வளர்க்கிறார்கள். அறுவடைத் தாள் இறாலுக்கு இரையாகிறது. இறால் விட்ட எச்சம் அடுத்த நெல்லுக்கு எருவாகிறது. ஒரே வயல், ஒரே மதகு, இரு தொழில். அதை அப்படியே இங்கே பெயர்த்து நடமுடியும் என்று நாம் கூறவரவில்லை. நிலமும் மழையும் வேறு. ஆனால் கதவைத் திறக்கும் நாளையும் மூடும் நாளையும் கமக்காரனும் மீனவனும் ஒன்றாய் அமர்ந்து தீர்மானிக்க முடியும் என்பதற்கு அது சான்று. இருவரையும் கேளாமல் கந்தோரில் இருந்து கதவின் நாளைத் தீர்மானிப்பதே இருவரையும் மோதவிடும்.

நாம் கேட்பது

நாம் கேட்பது பெருங் கொடையன்று. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் மின்கடத்துதிறன் அளக்கும் கருவி ஒன்று இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை, கோடை முடிவிலும் மழை நடுவிலும், கரைவயல்களின் மண்ணும் தோட்டக் கிணறுகளின் நீரும் அளக்கப்படட்டும். அந்த எண்கள் ஊர்ச் சபைச் சுவரில் எழுதப்படட்டும். எண்ணின்றி எந்த நிலத்தையும் உவர்நிலம் என்று ஒதுக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று சொல்லப்படட்டும்.

தாங்கும் இனங்களின் விதை வடக்கிலேயே பெருக்கப்பட்டு, விதைப்புக்கு முன்னர், விதைப்புக்குப் பின்னரன்று, கமக்காரன் கைக்கு வரட்டும். நமது பழைய நெல்லினங்கள் உவர்வயலிலே அருகருகே நட்டுச் சோதிக்கப்படட்டும். அவற்றுள் எது எத்தனை அலகு தாங்கும் என்பது எழுதப்படட்டும். அணைகளின் கதவுகளுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்படட்டும். கதவுக்குப் பொறுப்பானவர் பெயர் ஊரறிய இருக்கட்டும். 1954 இல் வரைந்த சங்கிலியில் எந்தக் கண்ணி இன்றைக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதை மக்கள் முன் விவாதித்து, பொருந்துவதை முடிக்கட்டும். கடல் மட்டம் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உலகளவில் ஏறக்குறைய 8 அங்குலம் உயர்ந்துவிட்டது; இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. கடல் நமக்காகக் காத்திருக்கவில்லை. கோவைகள் மட்டுமே காத்திருக்கின்றன.

கமக்காரத் தோழர்களே! அடுத்த முறை ஒருவர் உங்கள் வயல் வரப்பில் நின்று, "இது உவர்நிலம்" என்று கூறினால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். எத்தனை அலகு என்று கேளுங்கள். எந்தப் பயிருக்கு என்று கேளுங்கள். எந்த மாதத்து அளவு என்று கேளுங்கள். இறுதியாக, கதவு எங்கே என்று கேளுங்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. நம் வயலில் உப்பிட்டவரையும் நாம் நினைவில் வைத்திருப்போம்.